டாக்டர் முன்னால் ஒரு நடை, வீட்டில் ஒரு நடை: பெரியவர்களின் அன்றாட நடையைக் கணிக்க ஒரு வழிகாட்டி

“வீட்டில் சுவரைப் பிடிக்காமல் ஓரடி எடுத்து வைக்க மாட்டார். டாக்டர் ‘நடந்து காட்டுங்க’ என்றதும் மாப்பிள்ளை மாதிரி விறுவிறுவென்று நடக்கிறார்.” வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்பவன் நான், மாதத்துக்கு இரண்டு முறையாவது இந்தப் புலம்பல் காதில் விழும். அப்பா நடிக்கிறாரோ என்று மகனுக்கு எரிச்சல். மகன் கூட்டிச் சொல்கிறாரோ என்று டாக்டருக்குச் சந்தேகம். உண்மையில் இருவர் பார்த்ததும் சரிதான். மேடுபள்ளம் இல்லாத தரை, பளிச்சென்ற விளக்கு, பார்த்துக்கொண்டு நிற்கும் நாலு பேர், மொத்தமே பத்தடி தூரம் என்றால் முடியாதவருக்கும் நடை கூடிவரும். அதே மனிதர் விடியற்காலை இருட்டில், தூக்கக் கலக்கத்தில், ஈரமான கொல்லைப்புறப் படியில் இறங்கும்போது வேறு ஆள்.

ஒருவரின் செயல்திறனையும் இயலாமையையும் விவரிக்க உலக சுகாதார நிறுவனம் 2001-ல் ஏற்றுக்கொண்ட ஐ.சி.எஃப். என்ற வகைப்பாடு இதை இரண்டாகவே பிரித்து வைத்திருக்கிறது. நல்ல சூழலில் ஒருவரால் அதிகபட்சம் முடிவது ஒன்று. தன் வீட்டில், தன் தெருவில் அவர் தினமும் செய்வது இன்னொன்று. ஆஸ்பத்திரியில் தெரிவது பெரும்பாலும் முதலாவது. இரண்டாவதைப் பார்க்கக்கூடியவர் கூடவே இருக்கும் நீங்கள்தான்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகியிருந்த ஒரு பாட்டியை வராண்டாவில் நடக்கவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து, “அருமை, இனிமேல் பயமில்லை” என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்து நாளில் விழுந்துவிட்டார். வராண்டாவில் விழவில்லை. கையில் தண்ணீர்ச் சொம்போடு குளியலறை நிலைப்படியைத் தாண்டும்போது விழுந்தார். அந்தப் படியை நான் எட்டிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

பக்கவாதம், பார்க்கின்சன், மூட்டுத் தேய்மானம், சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பு, நுரையீரல் அடைப்பு என்று ஏதோ ஒன்றால் நடை தடுமாறும் ஒருவரைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியிருக்கும் குடும்பத்தாருக்கும், வீட்டுக் கவனிப்பு வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இதைக் கொண்டு நோயைக் கண்டுபிடிக்க முடியாது. டாக்டரிடம் போய் “முன்ன மாதிரி நடக்கிறதில்லை சார்” என்று சொல்வதற்குப் பதிலாக, எவ்வளவு, எப்போது, எங்கே என்று சொல்ல முடியும்.

முதல் இரண்டு நாள் டேப்பைத் தொடாதீர்கள்

அளக்கிறோம் என்று தெரிந்தவுடன் நடை மாறிவிடும். அதனால் முதலில் சும்மா பாருங்கள். காலையில் கட்டிலை விட்டு எழுவதிலிருந்து இரவு படுக்கும்வரை அவர் எங்கெங்கே போகிறார், எங்கே போவதை விட்டுவிட்டார் என்று கவனியுங்கள். பக்கத்தில் நின்று முறைத்துப் பார்க்க வேண்டாம். பேப்பர் படித்துக்கொண்டே பார்க்கலாம்.

கைகள் எங்கே போகின்றன என்பதுதான் எனக்கு முதல் தடயம். வீட்டுச் சுவரைப் பாருங்கள். படுக்கையறையிலிருந்து கழிப்பறை வரை இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்குமாக ஒரு தடம் ஓடினால், அந்த வீட்டில் ஒருவர் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார் என்று அர்த்தம். அவர் வாயால் மறுத்தாலும் சரி. சோபா முதுகு, பிரிட்ஜ் கைப்பிடி, டைனிங் டேபிள் விளிம்பு என்று ஒவ்வொன்றாகத் தாவிப் போகிறவர்களும் உண்டு. நடுக்கூடத்தில் பிடிக்க எதுவும் இல்லாத இடம் வந்தால் என்ன செய்கிறார்? சுற்றிப் போகிறாரா, யாரையாவது கூப்பிடுகிறாரா, அந்தப் பக்கமே போவதில்லையா?

அடுத்தது செருப்பு. இரண்டையும் கவிழ்த்துப் பாருங்கள். ஒன்றின் முனை மட்டும் தேய்ந்திருந்தால் அந்தக் கால் தரையில் இழுபடுகிறது. சர்க்கரை உள்ளவருக்கு நடக்கும்போதே செருப்பு கழன்று, அது தெரியாமலே நாலடி போய்விடுகிறார் என்றால், பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்பதற்கு அதுவே பலமான அறிகுறி. “பஞ்சு மேலே நடக்கிற மாதிரி இருக்கு” என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருப்பார்; நாம் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டோம்.

புடவையும் வேட்டியும் பாதத்தை மறைத்துவிடும். ஒரு தடவையாவது கணுக்கால் தெரிய ஏற்றிக் கட்டச் சொல்லிப் பாருங்கள். குதிகால் முதலில் படுகிறதா, முழுப் பாதமும் தொப்பென்று விழுகிறதா, ஒரு காலில் நிற்கும் நேரம் இன்னொன்றைவிடக் குறைவாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். வலிக்கிற காலில் யாரும் அதிக நேரம் நிற்க மாட்டார்கள். அதைத்தான் நாம் தாங்கித் தாங்கி நடப்பது என்கிறோம்.

கேட்கும் முறை

“நல்லா நடக்கறீங்களா?” என்று கேட்டால் “ம், நடக்கிறேன்” என்றுதான் பதில் வரும். பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற பயம் எல்லாப் பெரியவர்களுக்கும் உண்டு. அதனால் நடையைப் பற்றிக் கேட்காதீர்கள். போன இடங்களைப் பற்றிக் கேளுங்கள். கடைசியாக எப்போது கோயிலுக்குப் போனீர்கள்? பால் வாங்க இப்போது யார் போகிறார்கள்? மொட்டை மாடி ஏறி எவ்வளவு நாள் ஆயிற்று? போவதை நிறுத்தியது எதனால்: வலியா, மூச்சா, களைப்பா, பயமா? காரணம் முக்கியம். நாலுக்கும் வைத்தியம் நாலு விதம்.

விழுந்ததைப் பற்றிக் கேட்பது தனிக் கலை. “விழுந்தீங்களா?” என்றால் இல்லை என்பார்கள். “வழுக்கிச்சு”, “சும்மா உட்கார்ந்துட்டேன்”, “கால் மடங்கிடுச்சு” எல்லாமே விழுந்த கணக்குதான். நினைக்காமல் தரைக்கு வந்திருந்தால் விழுந்ததுதான். ஒரு வருடத்தில் எத்தனை முறை, எந்த இடத்தில், எந்த நேரத்தில், கையில் என்ன இருந்தது, எழுந்திருக்க ஆள் வேண்டியிருந்ததா என்று எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரைப் பட்டியலையும் பக்கத்தில் எழுதுங்கள். தூக்க மாத்திரைக்கும் இரவில் விழுவதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

சரி, இப்போது டேப்பை எடுங்கள்

அளக்கும் முன் பாதுகாப்பு. நெஞ்சுவலி, ஓய்வில் இருக்கும்போதே மூச்சுத்திணறல், கடந்த ஒரு மாதத்துக்குள் மாரடைப்பு, தலைசுற்றல், காய்ச்சல் ஏதாவது இருந்தால் இன்றைக்கு வேண்டாம். நடக்கும்போது அவரது பலவீனமான பக்கத்தில், அரையடி பின்தள்ளி, கூடவே போங்கள். இடுப்பில் உறுதியான பெல்ட் ஒன்று கட்டிவிட்டால் பிடிக்க வசதி. கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பக்கவாதம் வந்த தோள் அதைத் தாங்காது. முன்னால் நின்று “வா வா” என்று பின்னோக்கி நடப்பதும் வேண்டாம். அவர் சாய்ந்தால் இருவரும் விழுவீர்கள்.

எல்லாவற்றிலும் எளிதானது நாலு மீட்டர் வேகம். வீட்டுக் கூடத்திலோ வராண்டாவிலோ ஆறு மீட்டர் நேரான இடம் வேண்டும். இஞ்ச் டேப்பை வைத்து அளந்து, ஒரு மீட்டரில் ஒரு சாக்பீஸ் கோடு, ஐந்தாவது மீட்டரில் இன்னொரு கோடு போடுங்கள். முன்னால் இருக்கும் ஒரு மீட்டர் வேகம் எடுக்க, பின்னால் இருக்கும் ஒரு மீட்டர் வேகம் குறைக்க. நடுவில் இருக்கும் நாலு மீட்டருக்கு மட்டும் போனில் ஸ்டாப்வாட்ச். முதல் கோட்டைக் கால் தாண்டும்போது அழுத்துங்கள், இரண்டாவது கோட்டைத் தாண்டும்போது நிறுத்துங்கள். “எப்பவும் போல நடங்க” என்று மட்டும் சொல்லுங்கள். வேகமாகப் போகச் சொல்லவோ, “சபாஷ்” போடவோ வேண்டாம். கைத்தடியோ வாக்கரோ வழக்கமாகப் பிடிப்பவர் என்றால் அதோடுதான். வீட்டில் வெறுங்காலில் நடப்பவர் என்றால் வெறுங்காலில்தான். இரண்டு முறை பார்த்துச் சராசரி எடுங்கள்.

நாலை நொடியால் வகுத்தால் வேகம். 5 நொடி என்றால் நொடிக்கு 0.8 மீட்டர், 10 நொடி என்றால் 0.4. பக்கவாதம் வந்தவர்களை வைத்து 1995-ல் ஜாக்குலின் பெர்ரி என்ற அமெரிக்க டாக்டரின் குழுவினர் ஒரு கணக்கு வகுத்தார்கள், இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்: 0.4-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் வீட்டுக்குள் மட்டும், 0.4-லிருந்து 0.8 வரை வெளியே கொஞ்சம், 0.8-க்கு மேல் என்றால் வெளியில் ஓரளவு சுதந்திரமாக. சாலையைக் கடக்கும் சிக்னலுக்கு நேரம் வைக்கும் பொறியாளர்கள் பல நாடுகளில் நொடிக்கு 1.2 மீட்டர் என்று கணக்கிடுவது வழக்கம். 10 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க அந்தக் கணக்கில் 8 நொடி ஆகும். 0.6 வேகத்தில் நடக்கும் உங்கள் அம்மாவுக்கு 17 நொடி ஆகும். அவர் கடைக்குப் போவதை நிறுத்தியது சோம்பலால் இல்லை.

ஒரு முறை அளந்த எண்ணைவிட, மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே நேரத்தில் அளந்து வரும் மாற்றம் பெரிது. வேகம் நொடிக்கு 0.1 மீட்டர் கூடினாலோ குறைந்தாலோ அது கவனிக்க வேண்டிய மாற்றம் என்று எடுத்துக்கொள்கிறோம். அதாவது 8 நொடி எடுத்தவர் 6.7-க்கு வந்தால் உடற்பயிற்சி வேலை செய்கிறது.

இரண்டாவது, நாற்காலிச் சோதனை. 1991-ல் போட்சியாட்லோ, ரிச்சர்ட்சன் என்ற இருவர் வடிவம் கொடுத்த இதற்கு டைம்டு அப் அண்ட் கோ என்று பெயர். எங்கள் பேச்சில் ‘டக்’. கைப்பிடி உள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். லேசான பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் சறுக்கும், அதனால்தான் சுவர். மூன்று மீட்டர் தள்ளி ஒரு கோடு. சாய்ந்து உட்கார்ந்த நிலையிலிருந்து எழுந்து, கோடு வரை நடந்து, திரும்பி, வந்து உட்கார வேண்டும். “போங்க” என்றதும் ஸ்டாப்வாட்ச் ஓடட்டும். மறுபடி உட்கார்ந்ததும் நிறுத்துங்கள். முதல் தடவையைக் கணக்கில் எடுக்க வேண்டாம், பழக்கத்துக்கு விடுங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது.

நொடியைவிட நான் உற்றுப் பார்ப்பது இந்த மூன்று இடங்கள்: எழும்போது எத்தனை முறை முன்னும் பின்னும் ஆடுகிறார், திரும்புவதற்கு எத்தனை சின்ன அடி வைக்கிறார், உட்காரும்போது நாற்காலியைக் கையால் தேடுகிறாரா, இல்லை தொப்பென்று விழுகிறாரா. நேராக நடப்பதில் தப்பித்துக்கொள்பவர்கள் திரும்பும்போது மாட்டிக்கொள்வார்கள்.

நம் வீட்டுக்கு உரிய சோதனைகள்

மேலே சொன்ன இரண்டும் உலகம் முழுக்கச் செய்வது. நாற்காலி உயரம் பற்றி அவற்றில் விவரமாக இருக்கும், தரையில் உட்காருவது பற்றி ஒரு வரி இருக்காது. நம் ஊரில் ஒருவர் ‘நடமாடுகிறார்’ என்றால் தரையிலிருந்து எழுவதும், இந்தியன் டாய்லெட்டில் குந்தி எழுவதும், நிலைப்படி தாண்டுவதும் அதில் சேர்த்திதான்.

தரையில் பாய் போட்டு உட்காரச் சொல்லுங்கள் (முட்டி மாற்று ஆபரேஷன் ஆனவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்). எழும்போது ஒரு கை போதுமா, இரண்டு கையும் வேண்டுமா, நாற்காலியைப் பிடித்துத்தான் எழ முடியுமா, ஆள் தூக்க வேண்டுமா என்று நாலு நிலையில் ஒன்றைக் குறியுங்கள். விழுந்தால் தானாக எழ முடியுமா என்ற கேள்விக்கும் இதுவே பதில்.

படிக்கட்டில் எண்ணிக்கையை எழுதுங்கள். எத்தனையாவது படியில் நின்றார்? ஒரு படிக்கு ஒரு காலா, இரண்டு காலையும் சேர்த்து வைத்தா? இறங்குவது ஏறுவதைவிடக் கடினம் என்று சொல்கிறாரா? மூட்டுத் தேய்மானத்தில் இது அடிக்கடி வரும். வலியை 0 முதல் 10 வரை சொல்லச் சொல்லுங்கள், ஆனால் அப்போது மட்டுமில்லை. அன்று இரவும் மறுநாள் காலையும் கேளுங்கள். கல்யாண மண்டபத்தில் நாள் முழுக்க நடந்துவிட்டு மூன்று நாள் படுத்துக் கிடப்பவரை “நன்றாக நடக்கிறார்” என்று எழுத முடியாது.

அப்புறம் அந்தத் தண்ணீர்ச் சொம்பு. முக்கால் டம்ளர் தண்ணீரைக் கையில் கொடுத்து அதே மூன்று மீட்டரை நடக்கச் சொல்லுங்கள். வெந்நீர் வேண்டாம்! இன்னொரு முறை, நடக்கும்போது சாதாரணமாகப் பேச்சுக் கொடுங்கள்: “நேத்து யார் வந்தாங்க?” பதில் சொல்வதற்காக நின்றுவிடுகிறாரா? சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 1997-ல் லான்செட் இதழில் இதைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். முதியோர் இல்லத்தில் இருந்தவர்களில், பேச்சுக் கொடுத்ததும் நடையை நிறுத்தியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் அதிகமாக விழுந்தார்கள். நடப்பதற்கே முழுக் கவனமும் செலவாகிவிடும் ஒருவருக்குப் பேச மிச்சம் இருக்காது. செலவில்லாத சோதனை, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

வீட்டில் பி.பி. மெஷின் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். ஐந்து நிமிடம் படுத்த பிறகு ஒரு அளவு, எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ஒவ்வொரு அளவு. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ‘நடை தடுமாறுகிறது’ என்று என்னைக் கூப்பிட்ட சில வீடுகளில் காலில் ஒரு கோளாறும் இல்லை. படுக்கையிலிருந்து எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கியதுதான் கோளாறு.

எவ்வளவு தூரம்?

ஆஸ்பத்திரியில் இதற்கு ஆறு நிமிட நடைச் சோதனை இருக்கிறது. 30 மீட்டர் தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் போய் வந்து, மொத்தம் எத்தனை மீட்டர் என்று பார்ப்பார்கள். அமெரிக்க நெஞ்சக நோய்ச் சங்கம் 2002-ல் அதற்கு விதிமுறை வகுத்தது. இதய, நுரையீரல் நோயாளிகளுக்கு உகந்தது. அதை வீட்டில் நீங்களாகச் செய்ய வேண்டாம். அதைச் செய்யத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும், அது விளையாட்டில்லை.

வீட்டில் நமக்குத் தெருக் கணக்கு போதும். வாசலிலிருந்து மின்கம்பம் வரை எத்தனை மீட்டர், டீக்கடை வரை எத்தனை, பிள்ளையார் கோயில் வரை எத்தனை என்று ஒருமுறை நீங்கள் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவர் வழக்கமாகப் போகும்போது எங்கே முதன்முதலில் நிற்கிறார், எதனால் நிற்கிறார், எத்தனை நிமிடத்தில் மறுபடி கிளம்புகிறார் என்று பாருங்கள்.

நிற்கும் விதத்திலேயே நிறையச் செய்தி இருக்கிறது. கொஞ்ச தூரம் போனதும் கெண்டைக்காலைப் பிடித்து இழுக்கிறது, சும்மா நின்றாலே சில நிமிடத்தில் சரியாகிறது, மறுபடி அதே தூரத்தில் அதே வலி: காலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம். புகை பிடிப்பவர், சர்க்கரை உள்ளவர் என்றால் தாமதிக்க வேண்டாம். இன்னொருவருக்கு நின்றால் வலி போகாது, உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோதான் போகும். நடந்தால் வலிக்கும், சைக்கிள் மிதித்தால் வலிக்காது. அது முதுகுத்தண்டில் நரம்பு நெரிபடும் கதையாக இருக்கலாம். இரண்டு பேரும் சொல்வது “கால் வலிக்குது” என்றுதான். போக வேண்டிய டாக்டர் வேறு வேறு. திண்ணையைத் தேடி உட்கார்ந்தாரா, கம்பத்தடியில் நின்றே சமாளித்தாரா என்று நீங்கள் பார்த்து எழுதிய ஒரு வரி அங்கே பெரிய உதவி.

மூச்சு வாங்கி நிற்பவர் என்றால், நின்றதும் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு எடுத்தால் அன்றைய நடை முடிந்தது.

பார்க்கின்சனுக்குத் தனிக் கணக்கு

மற்ற நோய்களில் நாளுக்கு நாள் மாறும் நடை, பார்க்கின்சனில் மணிக்கு மணி மாறும். லீவோடோபா மாத்திரை வேலை செய்யும் நேரத்தை ‘ஆன்’ என்றும், அது இறங்கிய நேரத்தை ‘ஆஃப்’ என்றும் சொல்வோம். காலை பத்து மணிக்கு அளந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மாத்திரை போட்டு எவ்வளவு நேரத்துக்குப் பிறகு அளந்தீர்கள் என்பதைச் சேர்த்து எழுதினால்தான் அது எண். ஒரே நாளில் மாத்திரைக்கு முன், ஒரு மணி நேரம் கழித்து, அடுத்த மாத்திரைக்குச் சற்று முன் என்று மூன்று முறை பாருங்கள்.

இன்னொன்று, கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல உறைந்து நிற்பது. வாசற்படியில், குறுகலான இடத்தில், திரும்பும்போது, அவசரமாகப் போன் எடுக்க ஓடும்போது வரும். டாக்டர் அறையில் பெரும்பாலும் வரவே வராது. அதனால் வீடியோ எடுத்து வையுங்கள், அவரிடம் கேட்டுவிட்டு. அந்த நேரத்தில் பின்னாலிருந்து தள்ளவோ “நட, நட” என்று விரட்டவோ கூடாது. தரையில் குறுக்காக ஒரு கோடு இருந்தால் அதைத் தாண்டச் சொன்னால் பலருக்குக் கால் கிளம்பிவிடும். கோடு போட்டதும் நடக்கிறார் என்பதும் எழுத வேண்டிய தகவல்தான்.

பக்கவாதம் வந்தவருக்குக் பாதம் தொங்காமல் பிடிக்கக் காலில் பிளாஸ்டிக் பட்டை கொடுத்திருந்தால் அதோடும் அது இல்லாமலும் நாலு மீட்டர் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசமே இல்லையென்றால் பட்டையைச் சரிபார்க்க வேண்டும். கைத்தடி உள்ளவர்கள் பலர் அதைத் தவறான கையில் பிடித்திருப்பார்கள். முட்டியோ இடுப்போ வலித்தால், வலிக்காத பக்கத்துக் கையில்தான் தடி. கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு உயரத்தில் பிடி இருக்க வேண்டும். தாத்தாவின் தடியைப் பாட்டிக்குக் கொடுப்பது பாசம்தான், ஆனால் உயரம் சரிவராது.

போனும் வாட்சும்

“அப்பாவுக்கு வாட்ச் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், நாளைக்கு 600 ஸ்டெப்தான் காட்டுகிறது” என்று வெளிநாட்டு மகன் கவலையோடு கூப்பிடுவார். கடையில் விற்கும் வாட்சுகள் நன்றாக நடப்பவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. மெதுவாக, காலை இழுத்து நடக்கும்போது பல அடிகளை அவை எண்ணாமல் விட்டுவிடும். வாக்கர் பிடித்த கை வீசுவதில்லை என்பதால் இன்னும் மோசம். நீங்களே 50 அடி எண்ணிக்கொண்டு, அது எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். 20 காட்டினால் அந்த எண்ணை நம்பாதீர்கள்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் 2019-ல் ஐரோப்பாவில், நியூகாசில் பல்கலைக்கழகத்தின் தலைமையில் மொபிலைஸ்-டி என்ற பெரிய ஆய்வு தொடங்கியது. கீழ் முதுகில் ஒரு சிறு கருவியை ஒட்டி, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் (மூளை, முதுகுத்தண்டு நரம்புகளின் உறையைப் பாதிக்கும் நோய்), நுரையீரல் அடைப்பு, இடுப்பெலும்பு முறிவு ஆகியவை உள்ளவர்கள் தங்கள் அன்றாட வாழ்க்கையில் எப்படி நடக்கிறார்கள் என்று அளந்தார்கள். கையில் கட்டாமல் முதுகில் ஒட்டியதைக் கவனியுங்கள்.

முடியும் என்றால் என்ன அர்த்தம்

“50 மீட்டர் நடக்க முடியுமா?” என்று யாராவது கேட்டால் ஆமாம், இல்லை என்று உடனே சொல்லிவிடாதீர்கள். பிரிட்டனில் 2013-லிருந்து மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகைக்கு நடையை மதிப்பிடும்போது நாலு நிபந்தனை வைத்திருக்கிறார்கள்: பாதுகாப்பாக, ஏற்கத்தக்க விதத்தில், திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள். நல்ல உடல்நிலையில் உள்ளவர் எடுப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நேரம் ஆனால் அது நியாயமான நேரமில்லை. இந்த நாலில் ஒன்று தவறினாலும் ‘முடியாது’ என்றே கணக்கு. நடைமுறையில் அங்கே ஆயிரம் சச்சரவு உண்டு, ஆனால் இந்த நாலு கேள்வியை நான் கடன் வாங்கி எல்லா வீட்டிலும் கேட்கிறேன்.

இந்தியாவில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குப் போகிறீர்கள் என்றால், 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி பல சலுகைகளுக்கு 40 சதவீதப் பாதிப்பு வேண்டும். அதை அதற்குரிய மருத்துவர்கள்தான் கணிப்பார்கள். நீங்கள் பார்த்து எழுதி வைக்கும் தாள் அதற்கு மாற்றாகாது. ஆனால் கணிக்கும் அன்று மட்டும் அவர் நன்றாக நடந்துவிட்டால் பேசுவதற்கு ஒரு ஆதாரம் கையில் இருக்கும். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்யும் ஏற்பாடும் உண்டு; பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வருபவரிடமும் இந்தத் தாளைக் காட்டுங்கள்.

அளந்துகொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. முகம் கோணுதல், ஒரு கை துவளுதல், பேச்சு குழறுதலோடு நடை திடீரென்று தடுமாறினால் அது பக்கவாதமாக இருக்கலாம்; ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், தமிழ்நாட்டில் எண் 108, இலங்கையில் எண் 1990. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. இரண்டு காலும் வலுவிழந்து, உட்காரும் பகுதி மரத்து, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலும் உடனே கிளம்புங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் தைலம் தேய்க்காமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

தாள் எப்படி இருக்க வேண்டும்

ஒரே பக்கம். டாக்டருக்கு இரண்டாவது பக்கத்தைத் திருப்ப நேரம் இருக்காது. பார்க்கின்சன் உள்ள ஒரு அப்பாவுக்கு எழுதினால் இப்படி வரும். எண்கள் எல்லாம் மாதிரிக்குத்தான்:

காலை 6.15, மாத்திரைக்கு முன்: 4 மீட்டர், 9 நொடி. சுவரைப் பிடித்தார்.
காலை 8.00, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம்: 4 மீட்டர், 5.5 நொடி. பிடிக்கவில்லை.
மதியம் 12.30, அடுத்த மாத்திரைக்கு அரை மணி முன்: 10 நொடி. சமையலறை வாசலில் இரண்டு முறை உறைந்தார்.
நாற்காலிச் சோதனை, காலை 8.10: 14 நொடி. திரும்புவதற்கு 7 சின்ன அடி.
பேச்சுக் கொடுத்தால்: நிற்கிறார்.
தரையிலிருந்து: ஆள் தூக்க வேண்டும்.
விழுந்தது: மூன்று மாதத்தில் 2 முறை. இரண்டும் மதியச் சாப்பாட்டுக்கு முன், கை கழுவப் போகும்போது.
விட்டுவிட்டது: மாலை நடை, ஜூன் முதல். காரணம் பயம், வலி இல்லை.
கேட்க வேண்டியது: மதிய மாத்திரையை முன்கூட்டிக் கொடுக்கலாமா?